பேர் சொல்லாத லென்ஸ்

“இன்னிக்கி ஒரு பாம்புத்தாரா வுட்டேன் சார். இன்னா அழகு தெரியுமா!”

ஞாயிற்றுக்கிழமை காலையில் பாரிவாக்கம் ஏரிக்கரையில் பறவைப் படம் எடுக்கும் நாங்கள் ஆறேழு பேர் நின்று டீ குடிக்கும்போது, எங்களில் ஒருவரான அந்த அம்மாள் பேச்சை இப்படித்தான் தொடங்குவார். ‘வுட்டேன்’ என்றால் படம் எடுக்க முடியாமல் தவறவிட்டேன் என்று பொருள். நாங்களெல்லாம் எடுத்ததைக் காட்டிப் பெருமைப்படுவோம். அவர் விட்டதைச் சொல்லிப் பெருமைப்படுவார். பாம்புத்தாரா எந்தக் கிளையில் உட்கார்ந்தது, இறக்கையை எப்படி விரித்துக் காயவைத்தது, கழுத்தில் வெயில் எந்தப் பக்கம் விழுந்தது, இவர் லென்ஸைத் திருப்பிக்கொண்டுவந்து அதன் கண்ணைத் தொடப்போகும் நேரத்தில் அது எப்படிக் கிளம்பிப் போனது என்று டீ ஆறும்வரை வர்ணிப்பார். கேட்டுக்கொண்டிருப்பவனுக்குத் தன் கேமராவில் பத்திரமாக இருக்கும் பாம்புத்தாராவைவிட, இவர் விட்ட பாம்புத்தாராதான் நன்றாக இருந்தது போலத் தோன்றிவிடும். எனக்கு அடிக்கடி தோன்றியிருக்கிறது. அது எனக்குப் பிடிக்கவில்லை என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முந்தைய கதை இது. ஆவடிப் பக்கம் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஒன்றில் ஆய்வுப் பிரிவு அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்று, முகப்பேரில் அடுக்குமாடி வீட்டில் உட்கார்ந்திருந்தேன். வெளிநாட்டில் இருக்கும் மகன் ஒரு நல்ல கேமராவும், அதைவிடப் பெரிய வெள்ளை லென்ஸும் வாங்கி அனுப்பினான். அப்பா பறவை பார்க்கட்டும் என்பதைவிட, அம்மாவிடம் வம்பு வளர்க்காமல் இருக்கட்டும் என்பதே அவன் நோக்கம் என்று நினைக்கிறேன். அந்த லென்ஸ் எல்லாவற்றையும் தானே செய்துகொள்ளும். பொத்தானைப் பாதி அமுக்கினால் எதிரில் இருப்பது தெளிவாகிவிடும். முழுவதும் அமுக்கினால் நொடிக்குப் பத்துப் படம்.

அந்த அம்மாளும் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்தான். வேறொரு தொழிற்சாலை, ராணுவத்துக்குச் சீருடை தைக்கும் இடம். தைத்து முடித்த சட்டைகளைச் சரிபார்த்து அனுப்பும் வேலை. ஆக, இருவருமே அடுத்தவர் செய்ததில் குறை கண்டுபிடித்துச் சம்பளம் வாங்கியவர்கள். ஓய்வு பெற்ற பிறகு அவர் தன்னிடம் மட்டும் குறை கண்டுபிடிக்கத் தொடங்கினார். நான் பழைய வழக்கத்தை விடவில்லை.

பட்டாபிராமிலிருந்து கணவரின் மொபெட்டில் பின்னால் உட்கார்ந்து வருவார். மடியில் ஒரு வயர் கூடை. கூடைக்குள் தண்ணீர் பாட்டில், பிஸ்கட் பாக்கெட், துண்டில் சுற்றிய லென்ஸ். முதல்முறை பார்க்கிறவர்கள் யாருக்கோ ஆஸ்பத்திரிக்குச் சாப்பாடு போகிறது என்றுதான் நினைப்பார்கள். ஆவடியில் ஒரு ஸ்டுடியோவை மூடியபோது அங்கே கண்ணாடி அலமாரியில் கிடந்ததாம் அந்த லென்ஸ். நானூறு எம்.எம். நீளம். முப்பது வருடப் பழசு. பெயிண்ட் உதிர்ந்து ஓரங்களில் பித்தளை தெரியும். மருமகன் வேண்டாமென்று ஒதுக்கிய டிஜிட்டல் கேமராவில் அதைப் பொருத்தியிருந்தார். இரண்டுக்கும் வாய் ஒட்டாது. நடுவில் ஒரு வளையம் போட வேண்டும். கடைக்காரர்கள் அதற்கு ஏதேதோ பெயர் சொல்வார்கள். அவர் சொன்ன பெயர் வாஷர்.

“குழாயில தண்ணி ஒழுவுனா ஒரு வாஷர் போடுறதில்ல? அதே மாரிதான் சார். போட்டா உக்காந்துக்கும்.”

முதல் நாள் அதை என் கையில் கொடுத்தார். திருப்பிப் பார்த்தேன். இந்தக் காலத்து லென்ஸ்களின் பின்புறத்தில் சின்னச் சின்ன உலோகப் புள்ளிகள் வரிசையாக இருக்கும். அவற்றின் வழியாக லென்ஸ் தன் பெயர், நீளம், எவ்வளவு வெளிச்சம் உள்ளே விடுகிறது என்பதையெல்லாம் கேமராவிடம் சொல்லும். கேமரா அதை ஒவ்வொரு படத்தோடும் எழுதி வைத்துக்கொள்ளும். அந்தப் பழைய லென்ஸில் புள்ளிகளே இல்லை. வழவழவென்று வெறும் உலோகம்.

“இது பேர் சொல்லாது சார். கேமராவுக்கு இது இன்னா ஏதுன்னே தெரியாது. நான் எடுக்குற படத்துல லென்ஸுன்னு போட்ட எடம் காலியாத்தான் இருக்கும்” என்றார்.

“வாயில்லா ஜீவன்னு சொல்லுங்க” என்றேன்.

எல்லோரும் சிரித்தோம். நான் சொன்னதை நானே ரசித்ததால், அந்த விஷயம் எனக்கு நன்றாக நினைவில் தங்கிவிட்டது. பின்னால் மறந்துவிட்டது என்று சொல்ல எனக்கு வழியில்லை.

அவருடைய லென்ஸில் எல்லாம் கைவேலை. வளையத்தைத் திருப்பத் திருப்ப, கேமராவின் சிறு திரையில் எந்த இடம் தெளிவாகிறதோ அதன் விளிம்பில் சிவப்புக் கோடு மினுங்கும். கரையில் ஆரம்பித்து, தண்ணீர், கோரை, இலை என்று அந்தச் சிவப்பு ஊர்ந்து போய்ப் பறவையின் கண்ணில் ஏற வேண்டும். “கண்ணுல செவப்பு ஏறிச்சா, அமுக்கு. ஏறலியா, கைய எடு” என்பது அவர் சட்டம். அலகில் ஏறினால் போதாது. மார்பில் ஏறினால் போதாது. இந்தச் சட்டம் பறவைகளுக்குத் தெரியாததால் அவை பெரும்பாலும் பறந்துவிடும்.

சட்டத்தை மீறிக் கை தவறி அமுக்கிய படங்களை அங்கேயே உட்கார்ந்து அழித்துவிடுவார். “நல்லாத்தானே இருக்கு, வச்சுக்கலாமே” என்று யாராவது சொன்னால், “சட்டைல ஒரு தையல் வுட்டுப்போனா நல்லாத்தான் கீதுன்னு அனுப்ப முடியுமா?” என்பார்.

பொட்டு விஷயத்தைச் சொல்ல வேண்டும். அவர் வழக்கமாக உட்காரும் இடம் மதகுக்கு இடதுபுறம். ஒரு பிளாஸ்டிக் முக்காலி, அதற்கு முன்னால் மதகின் கைப்பிடிச் சுவர், சுவர்மேல் அவரே தைத்து உமி நிரப்பிய சின்னத் தலையணை, தலையணைமேல் லென்ஸ். தலையணைக்கு இரட்டைத் தையல். ராணுவமே வந்து இழுத்தாலும் பிரியாது. அந்த இடத்திலிருந்து மின்கம்பமும், காய்ந்த கருவேல மரமும், தண்ணீரில் யாரோ நட்டிருந்த மூங்கில் கழியும் எப்போதும் ஒரே தூரம். ஆகவே லென்ஸின் வளையத்தில் மூன்று இடத்தில் ஸ்டிக்கர் பொட்டு ஒட்டி வைத்திருந்தார். கம்பத்துக்கு மெரூன், மரத்துக்குப் பச்சை, கழிக்குச் சின்னதாய் ஒரு கறுப்பு. மீன்கொத்தி கழியில் வந்து உட்காரும் என்று கறுப்புப் பொட்டில் வளையத்தை நிறுத்திவிட்டு முக்கால் மணி நேரம் காத்திருப்பார்.

“ஊட்ல இவ நெத்தியில பொட்டு வெக்க மறந்தாலும் மறப்பா சார். அதுக்கு வெக்க மறக்க மாட்டா” என்பார் அவர் கணவர். அதிகம் பேசாதவர். மொபெட்டை நிழலில் நிறுத்திவிட்டுச் செய்தித்தாள் படிப்பார்.

ஒரு சித்திரை மாதம். வெயிலில் பசை இளகிக் கறுப்புப் பொட்டு கொஞ்சம் நகர்ந்துவிட்டது. அவர் கவனிக்கவில்லை. அன்றைக்குப் பார்த்து மீன்கொத்தி வந்தது. உட்கார்ந்தது. குதித்தது. மீனோடு திரும்பி வந்து, கழியில் அதை இரண்டு தட்டுத் தட்டி விழுங்கியது. இவர் பதினோரு படம் எடுத்திருந்தார். பதினொன்றிலும் மீன்கொத்தி ஒரு நீலக் கறை. அதற்குப் பின்னால் மிதந்த ஆகாயத்தாமரைப் பூ மட்டும் நரம்பு நரம்பாகத் தெரிந்தது.

“பாருங்க சார், பூவு இன்னா ஷார்ப்பு!” என்று கேமராவை ஒவ்வொருவரிடமும் நீட்டிக் காட்டிவிட்டு, ஒவ்வொன்றாக அழித்தார். “மீன் புடிக்க வந்துச்சு, பூ குடுத்துட்டுப் போச்சு.”

டீ சைக்கிள்காரர் தூரத்திலிருந்தே கேட்பார்: “இன்னாக்கா, இன்னிக்காவது மாட்டிச்சா?”

“வந்துச்சு நைனா. நான்தான் லேட்டு.”

நானும் கிண்டல் செய்வேன். “கண்ணாடி அம்மனுக்கு இன்னிக்குப் பொட்டு வச்சாச்சா?” என்று கேட்பேன். அவர் விடமாட்டார். என் வெள்ளை லென்ஸுக்கு அவர் வைத்த பெயர் பீரங்கி. நான் காரிலிருந்து இறங்கும்போதே, “சார் பீரங்கிய எறக்கிட்டாரு. பட்சிங்கல்லாம் கையத் தூக்கிகினு வந்து நில்லுங்கபா” என்று ஏரியைப் பார்த்துக் குரல் கொடுப்பார். பீரங்கியிடம் ஒரு குறை உண்டு. நாணலும் கோரையும் அடர்ந்த இடத்தில் எதைப் பார்ப்பது என்று அதற்குத் தெரியாது. ‘டர்ர், டர்ர்’ என்று முன்னும் பின்னும் ஓடும். கடைசியில் முன்னால் இருக்கும் ஏதோ ஒரு புல்லில் போய் நின்றுகொள்ளும். அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவர் தலையைத் திருப்பாமலே சொல்வார்: “தேடுது சார், பாவம். சாவி தொலச்சவன் மாரி.”

எங்கள் குழுவுக்கு ஒரு செயலாளர் இருந்தார். ஐ.டி. கம்பெனியில் வேலை, என் அடுக்குமாடியிலேயே மூன்றாவது மாடியில் வீடு, மதுரைப் பக்கத்துக்காரர். வாட்ஸ்அப் குழுவில் வாரா வாரம் நல்ல படங்களைத் தொகுத்துப் பெயரோடு போடுவார். ஒருமுறை யாரோ எடுத்த மஞ்சள் மூக்கு நாரையின் படத்துக்குக் கீழே தவறுதலாக இந்த அம்மாளின் பெயரைப் போட்டுவிட்டார். பாராட்டுகள் குவிந்தன. வேறு யாராக இருந்தாலும், ‘என்னுடையது அல்ல’ என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போயிருப்பார்கள். இவர் குழுவில் இருந்த இருபத்து மூன்று பேருக்கும் தனித்தனியாகப் போன் செய்தார். நான் குளித்துக்கொண்டிருந்தேன். விடாமல் அடித்தது. ஈரக் கையோடு எடுத்தேன்.

“சார், அந்த நார எம்படம் இல்ல சார். அன்னிக்கி அதே நாரய நான் வுட்டேன். எடுத்தது வேற ஆளு. உங்க மனசுல நானுன்னு இருந்தா அழிச்சுடுங்க.”

“சரிம்மா. அழிச்சுட்டேன்.”

“நெஜமா?”

“நெஜமா. தலை துவட்டிக்கலாமா?”

இப்படிப்பட்டவர் அவர். இதைத் தெரிந்து வைத்துக்கொண்டுதான் நான் அதைச் செய்தேன்.

அந்த ஆண்டு ஆவணியில் ஒரு நாள். ஏரியின் வடக்கு ஓரத்தில் இலைக்கோழி ஒன்று குஞ்சு பொரித்திருந்தது. தண்ணீரில் மிதக்கும் இலைகள்மேல் நீண்ட விரல்களால் நடக்கும் பறவை அது. முட்டையிட்டதோடு தாய் போய்விடும். அடைகாப்பதும் குஞ்சு வளர்ப்பதும் தகப்பன் வேலை. ஆபத்து என்று தெரிந்தால் குஞ்சுகளை இறக்கைக்கு அடியில் இடுக்கிக்கொண்டு நடக்கும். அப்போது குஞ்சுகளின் கால்கள் மட்டும் வெளியே தொங்கும். புத்தகத்தில் படித்திருந்தேன். எடுக்க வேண்டும் என்று இரண்டு வருடமாகக் காத்திருந்தேன்.

அன்று காலை நானும் அந்த அம்மாளும் மட்டும் வடக்கு ஓரத்தில் இருந்தோம். தோளோடு தோள் என்று சொல்லலாம். இடையில் ஒரு முழம்கூட இருக்காது. மேலே ஒரு பருந்து வட்டமிட்டது. இலைக்கோழி குனிந்தது. குஞ்சுகள் ஓடிவந்து உள்ளே புகுந்தன. அது எழுந்து, கோரைக்குப் பின்னால் மெல்ல நடக்க ஆரம்பித்தது.

என் பீரங்கி தேடியது. கோரையைப் பிடித்தது. விட்டது. மறுபடி கோரையைப் பிடித்தது. நான் அமுக்கிக்கொண்டே இருந்தேன். பக்கத்தில் அவருடைய விரல்கள் வளையத்தைத் திருப்பும் ஓசைகூடக் கேட்கவில்லை. அவர் மூச்சு விட்டாரா என்றுகூடத் தெரியவில்லை. பிறகு ‘டிக்’ என்று ஒரே ஒரு சத்தம். சற்றுப் பொறுத்து இன்னொன்று.

“பாருங்க சார், ஆம்பளக் கோழி எப்டித் தூக்கினு போவுது! நம்ம ஊட்டு ஆம்பளைங்க ஒரு பால் பாக்கெட்ட தூக்கினு வர்றதுக்கே ரெண்டு தபா சொல்லணும்” என்றார்.

கேமராவை என் பக்கம் திருப்பினார். கோரையின் இரண்டு மங்கலான தாள்களுக்கு நடுவே இலைக்கோழி நின்றது. வெண்கல நிற இறக்கை. கண்ணில் ஏரி முழுவதும் தெரிந்தது. இறக்கைக்குக் கீழே கால்கள் தொங்கின.

“நல்லாருக்கு” என்றேன். அந்த ஒரு சொல்லைச் சொல்ல நான் எவ்வளவு சிரமப்பட்டேன் என்று அவருக்குத் தெரிந்திருக்காது என்று அப்போது நினைத்தேன். வீட்டுக்குப் போய்க் கணினியில் பார்த்தேன். இருநூற்று நாற்பது படங்கள். எல்லாம் கோரை. மிக அழகான, தெளிவான கோரை.

கார்த்திகையில் புத்தாண்டுக் காலண்டர் வேலை தொடங்கியது. ஏரியைச் சுற்றி இருக்கும் வீடுகளுக்கெல்லாம் ஏரிப் பறவைகளின் படம் போட்ட காலண்டர் கொடுத்தால் குப்பை கொட்டுவது குறையும் என்று செயலாளருக்கு ஒரு நம்பிக்கை. பன்னிரண்டு மாதத்துக்குப் பன்னிரண்டு படம். முந்தைய ஆண்டு ஒருவர் இணையத்திலிருந்து எடுத்த படத்தைத் தன் படம் என்று கொடுத்து மாட்டிக்கொண்டதால், இந்தமுறை அசல் கோப்பைக் கொண்டுவந்து காட்ட வேண்டும் என்று விதி. அதில் கேமரா, லென்ஸ், தேதி எல்லாம் இருக்க வேண்டும். அந்த விதியை எழுதியது நான். தொழிற்சாலையில் முப்பத்து நான்கு வருடம் நான் சொன்னது அதுதான்: காகிதம் இல்லையென்றால் பொருள் இல்லை.

கூட்டத்துக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை டீ குடிக்கும்போது அந்த அம்மாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“சார், படத்துக்குக் கீழ பேரு போடுவீங்களா? இனிஷியலோட?”

“இனிஷியல் எதுக்கு?”

“எங்க செக்ஷன்ல எம்பேர்ல நாலு பேரு சார். முப்பது வருஷம் நான் பாத்து அனுப்புன சட்டய எவனோ பனியில போட்டுகினு நிக்கிறான். அதுல நம்பருதான் இருக்கும். நான் பாத்தேன்னு யாருக்குத் தெரியும்? ஒரு தபா பேரு வரட்டுமேன்னுதான்.” பிறகு வெட்கப்பட்டுச் சிரித்தார். “இந்த மனுசன் இப்பவே சொந்தக்காரங்க பத்து பேருக்குச் சொல்லிட்டாரு. காலண்டர் வேணும், வேணும்னு ஒரே பேஜாரு.”

“போட்டுடலாம்மா” என்றேன்.

கூட்டம் எங்கள் அடுக்குமாடியின் சங்க அறையில் நடந்தது. அந்த அம்மாளையும் சேர்த்து எட்டுப் பேர் இருந்தோம். செயலாளர் புரொஜெக்டர் வைத்துப் படங்களை ஒவ்வொன்றாகச் சுவரில் விழவைத்தார். இலைக்கோழி விழுந்ததும் யாரோ ‘அடேயப்பா’ என்றார்கள். அதுவரை அந்த அம்மாள் குழுவில் காட்டியிருந்த படங்கள் ஏழோ எட்டோதான்; மற்றதெல்லாம் ‘வுட்டது’ அல்லது அழித்தது. இப்படி ஒன்று அந்த வயர் கூடையிலிருந்து வரும் என்று ஒருவரும் எதிர்பார்க்கவில்லை.

செயலாளர் கோப்பின் விவரத்தைத் திறந்தார். கேமராவின் பெயர் இருந்தது. தேதி இருந்தது. லென்ஸ் என்ற இடம் காலி. நீளம் சுழி. வெளிச்சம் விடும் துளையின் அளவும் சுழி.

“என்ன ஆன்ட்டி, லென்ஸே இல்லாம எடுத்திருக்கீங்க?” என்றார் செயலாளர். வேடிக்கையாகத்தான் சொன்னார்.

“அது பேர் சொல்லாத லென்ஸுபா. பழசு.”

“பழைய லென்ஸ்லயா இவ்வளவு ஷார்ப்பா?” என்றார் பின்வரிசையில் ஒருவர். அவர் குரலில் வேடிக்கை இல்லை. “எடிட் பண்ணினாலும் இப்படிக் காலியாகும்னு சொல்றாங்களே.”

செயலாளர் என்னைப் பார்த்தார். லென்ஸ் விஷயத்தில் அங்கே என் சொல்தான் கடைசிச் சொல். “சார், நீங்க சொல்லுங்க. ரூல்படி என்ன?”

நான் ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். அந்த லென்ஸுக்குப் பின்னால் புள்ளிகள் கிடையாது, அதனால் அது காலியாகத்தான் இருக்கும் என்று. அவரைத் தவிர அறையில் அது எனக்கு மட்டும்தான் முழுமையாகத் தெரியும். நான், “விதிப்படி லென்ஸ் விவரம் இருக்கணும்” என்றேன்.

“சார் அன்னிக்கி என் பக்கத்துலதானே நின்னுகினு இருந்தாரு” என்றார் அந்த அம்மாள். பதற்றமே இல்லாமல் சொன்னார். சாட்சி கையிலேயே இருக்கும்போது யாருக்குப் பதற்றம் வரும்? “எடுத்த ஒடனே சாருக்குத்தான் காட்டுனேன். கேளுங்க.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

“நான் கவனிக்கலைம்மா” என்றேன்.

ஏன் சொன்னேன் என்று பலமுறை என்னையே கேட்டிருக்கிறேன். நீளமான பதில் எதுவும் இல்லை. பொறாமை. வாழ்நாள் முழுவதும் மற்றவர்கள் செய்ததைத் திருப்பி அனுப்பிக்கொண்டே இருந்தவன் நான். செய்தது என்று சொல்லிக்கொள்ள என்னிடம் எதுவும் இல்லை. அந்த ஒரு படம் என்னுடையதாக இருந்திருக்க வேண்டும் என்று நினைத்தேன். அது இல்லையென்றால், அவருடையதாகவும் இருக்க வேண்டாம் என்று நினைத்தேன்.

அவர் என்னைச் சற்று நேரம் பார்த்தார். பறவையைப் பார்ப்பது போலத்தான் பார்த்தார், அவசரமில்லாமல். பிறகு சிரித்துவிட்டார்.

“சரி, வுடுங்கபா. சார் பீரங்கி புல்லு மேல நின்னுடுச்சு. சாரும் புல்லத்தான் பாத்துகினு இருந்திருப்பாரு.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் பென் டிரைவை வாங்கிச் சின்னப் பர்ஸில் போட்டு, பர்ஸைக் கூடையில் போட்டு, கடைசிவரை உட்கார்ந்திருந்து மற்ற படங்களுக்கெல்லாம் கை தட்டிவிட்டுப் போனார். இலைக்கோழிக்குப் பதிலாக என் நீர்க்காகம் ஒன்றைப் போட்டார்கள். கீழே என் பெயர் இருந்தது. இனிஷியலோடு.

தை மாதம் ஒரு மாலை, காலண்டர் ஒன்றை எடுத்துக்கொண்டு பட்டாபிராமில் அவர் வீட்டுக்குப் போனேன். உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்பதாக எண்ணம். கூடத்தில் அதே காலண்டர் ஏற்கெனவே தொங்கிக்கொண்டிருந்தது. ஏரிக்கரையில் விநியோகித்தபோது வாங்கி வந்திருக்கிறார். அவர் கணவர் நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போய்விட்டார்.

“உங்க நீர்க்காக்காவ பாத்தேன் சார்” என்றார் அந்த அம்மாள் டீயை வைத்தபடி. “ஒடம்பு சூப்பரு. கண்ணு கொஞ்சம் சாஃப்ட்டு.”

“ஆமாம்மா. அன்னிக்கு அந்தக் கூட்டத்துல...” என்று தொடங்கினேன்.

“சார், ஒண்ணு கேக்கவா? எம்படத்துல மொத்தம் எத்தினி காலு?”

நினைத்துப் பார்த்தேன். மூன்று குஞ்சுகள். “ஆறு.”

“எட்டு சார். தகப்பன் எதுமேல நிக்கிறான்? அவங்காலு ரெண்டையும் வுட்டுட்டீங்களே!” வாய்விட்டுச் சிரித்தார். “அப்ப நீங்க நெஜமாவே கவனிக்கலதான்.”

என் பொய்யை அவரே மெய்யாக்கிக் கையில் கொடுத்தார். நான் வெளியேறுவதற்காக ஒரு கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார் என்றுகூடச் சொல்லலாம். மறுத்திருக்க வேண்டும். நான் சிரித்துக்கொண்டே டீயைக் குடித்து முடித்து, அந்தக் கதவு வழியாகவே வெளியே வந்தேன். மாமனிதர்களைப் பற்றி எழுதுகிறவர்கள் தாங்கள் அழுத இடத்தைச் சொல்வார்கள். நான் அன்று அழவில்லை. வண்டியை ஓட்டிக்கொண்டு வரும்போது நிம்மதியாக இருந்தது. அதுதான் இப்போது உறுத்துகிறது.

அதற்குப் பிறகும் அவர் ஏரிக்கு வந்தார். கிண்டலும் குறையவில்லை. ஆனால் ஒன்று மட்டும் மாறியது. விட்டதைப் பற்றி என்னிடம் சொல்வதை நிறுத்திவிட்டார். மற்றவர்களிடம் பாம்புத்தாராவைப் பற்றி வர்ணித்துக்கொண்டிருப்பார், நான் அருகில் போனால், “வாங்க சார், டீ சொல்லட்டா?” என்பார். இரண்டு வருடம் கழித்து மகளோடு இருக்க அரக்கோணம் போய்விட்டார்கள்.

போன மார்கழியில் செயலாளர் வீட்டில் பழைய குழுவினர் நான்கு பேர் கூடினோம். எனக்கு எழுபத்தேழு வயது. இனியும் தள்ளிப்போட முடியாது என்று, நடந்ததை நடந்தபடி சொன்னேன். அந்த அம்மாள்தான் எடுத்தார், நான் பார்த்தேன், பார்க்கவில்லை என்று பொய் சொன்னேன்.

“எந்த ஆன்ட்டி சார்?” என்றார் செயலாளர். சற்று யோசித்து, “ஓ, வயர் கூடை ஆன்ட்டியா? அட விடுங்க சார், அந்தக் காலண்டரெல்லாம் எப்பவோ பழைய பேப்பர்ல போயாச்சு” என்றார். அடுத்த நிமிடம் பேச்சு, பறவையின் கண்ணைத் தானே கண்டுபிடித்துவிடும் புதுக் கேமராவுக்குப் போய்விட்டது.

மறுநாள் அரக்கோணத்துக்குப் போன் செய்தேன். குரல் அப்படியே இருந்தது. கண்புரை அறுவை ஆகிவிட்டதாம். “இப்ப ரெண்டு கண்ணும் புது கண்ணாடி சார். உங்க பீரங்கிய வுட சூப்பரு.” குழுவிடம் சொல்லிவிட்டேன் என்று சொன்னேன்.

“யாருக்குனா நெனப்பு இருந்துச்சா?”

“இல்லம்மா.”

“அதத்தான் சார் நானும் நெனச்சேன்” என்றார். கோபம் இல்லை. ஆறுதலும் இல்லை.

“உங்களைப் பத்தி எழுதலாம்னு இருக்கேன். நான் செஞ்சதை மறைக்காம எழுதறேன். உங்க பேரைப் போடறேன், இனிஷியலோட.”

மறுமுனையில் குக்கர் சத்தம் கேட்டது. யாரிடமோ அடுப்பைக் குறைக்கச் சொன்னார். பிறகு என்னிடம் வந்தார்.

“எழுதுங்க சார், வேணான்னு சொல்லல. பேரு மட்டும் வேணாம். அது படத்துக்குக் கீழ வர வேண்டிய பேரு. நீங்க பண்ண தப்புக்குக் கீழ அத்த எதுக்குப் போடுறீங்க?”

சரி என்றேன். போடவில்லை.